கிராம்பு மணக்கும் மூட்டை

“அதான் சோள மூட்டையில கிராம்பெண்ணெய் தெளிச்சாச்சுல்ல, இன்னும் என்னடி…”

“எப்பத் தெளிச்சீங்க? கூரை ஒழுகுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“மோந்துதான் பாரேன், வாசம் கும்முன்னு…”

“அதாங்க எனக்கு பயமே! பூசண நாத்தத்தையும் சேத்து அமுக்கிருச்சே. அந்த எண்ணெய் பூசணம் வராமத்தான் தடுக்கும். வந்த விஷத்தை எடுக்காது.”

கிடங்கறையின் ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் மனைவி ஒரு மக்காச்சோள மணியை நகத்தால் பிளக்கிறாள். முளைப்பக்கம் பச்சைப் பொடி. கணவர் மூட்டையின் வாயைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடியும் கட்டுகிறார். மாவரைக்க அள்ளும் டப்பா அவர் காலடியில் உருள்கிறது. வீட்டுக்குள்ளே குழந்தை காலிக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவள் கை அப்படியே நிற்கிறது.

“ஏங்க, காலையில பாப்பா கஞ்சிக்கு எந்த மூட்டையில அள்ளுனீங்க?”