உள்ளே விட்ட துணி

அவள் ரவிக்கையை உள்புறமாகப் புரட்டி மடியில் விரித்தாள்.

தங்கையின் கல்யாணப் பட்டு. தைத்ததும் அவளேதான். பதின்மூன்று வருஷம் ஆகிறது.

அன்று இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டு, அடுத்தடுத்து மூன்று தையல் போட்டிருந்தாள். சதை போட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

"பிள்ள பெத்துட்டுப் பூசணிக்கா கணக்கா வந்து நிப்ப. அப்பத் தெரியும் அக்கா அரும" என்று கேலி வேறு.

சொன்னபடியே வந்து நின்றாள் செண்பகம். மகள் பிறந்ததும் ஒரு தையலைப் பிரித்தார்கள். மகன் பிறந்ததும் இன்னொன்று. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பட்டில் ஊசி போன தடம் மறையாது. பிரித்த இடத்துத் துளைகள் வரிசையாக அப்படியே இருந்தன.

போன சித்திரையில் அந்தத் துளைகளின் மேலேயே திரும்பத் தைத்தாள். ஆடியில் அதையும் தாண்டி உள்ளே பிடித்துத் தைத்தாள்.

இது மூன்றாவது தடவை.

செண்பகத்துக்கு இனி மருந்து ஏற்ற வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குப் பூப்புச் சடங்கு. அன்றைக்கு இந்தப் பட்டைத்தான் கட்டுவேன் என்று செண்பகம் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"எக்கா, உள்ள கெடக்க துணிய வெட்டிரு. குத்துது."

உள்துணியை வெட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் ஒருத்திக்கும் வெட்டியதில்லை. அடம்பிடித்தவர்களைத் திட்டி அனுப்பியிருக்கிறாள். வெட்டிவிட்டால் அப்புறம் பெரிதாக்கவே முடியாது.

அதைத்தான் இவளிடமும் சொல்ல வாயெடுத்தாள்.

கத்தரியை எடுத்தாள்.

வலது பக்கம் வெட்டினாள். மூன்று விரல் அகலத்தில் ஒரு துண்டு கீழே விழுந்தது. இத்தனை நாளும் உள்ளேயே கிடந்ததால் வெயில் படவில்லை. கல்யாணத்தன்று இருந்த அதே அரக்கு நிறம்.

கத்தரியை இடது பக்கம் கொண்டுபோனாள்.

கை வரவில்லை.

அந்தப் பக்கத்துத் துணியை மட்டும் மடித்து அமுக்கி, ஓரத்தில் கைத்தையலாக ஓட்டினாள். மேலே அழுத்தி இஸ்திரி போட்டாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

செண்பகம் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள், இறக்கினாள். இடது அக்குளுக்குக் கீழே விரலை விட்டுத் தடவினாள்.

விரல் ஓர் இடத்தில் நின்றது.

கண்ணாடிக்குள்ளேயே அக்காளைப் பார்த்தாள். அக்காள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், விட வேண்டிய அவசியமே இல்லாமல்.

"இப்பக் குத்தலக்கா."

சொல்லிவிட்டு, இடது கையை உடம்பில் படாமல் சற்று விலக்கி வைத்தபடி, கடைப் படியில் மெதுவாக இறங்கிப் போனாள்.