நாற்பத்திரண்டாவது மனு

“வாயால சொன்னா காத்தோட போயிடும் சார். எழுதிக் குடுங்க.”

“எழுதிக் குடுத்தா எதுவா இருந்தாலும் செஞ்சுடுவீங்களாம்மா?”

“குடுத்துத்தான் பாருங்களேன்.”

ஐந்து வருடங்களுக்கு முன், கவுன்சிலரான முதல் திங்கட்கிழமை, இதே முன்னறையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரோடு பேசியதை நினைத்தபடி மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள் கவுன்சிலரம்மா. அன்று அவர் எழுதிக் கொடுத்தது தெருவிளக்கைப் பற்றி. அடுத்த மாதம் குழாய்க் கசிவு. அப்புறம் வேகத்தடை, உடைந்த சாக்கடை மூடி, சாய்ந்து நிற்கும் மரம். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல அவர் வராமல் இருந்ததில்லை.

இன்று கடைசி மனு நாள். புதன்கிழமையோடு பதவிக்காலம் முடிகிறது. மறுபடி நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்க, பழைய மனுக்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் மகள். அவளும் அடுத்த மாதம் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள்.

“அம்மா, இதோட ஏழாவது தடவை வாசலைப் பாக்கிற.”

“வெயில் எப்படியிருக்குன்னு பாத்தேன்டி.”

“வெயில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு வருமா?”

“வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.”

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. கண்ணாடிக்கடை வச்சிருக்கறவருக்கு எங்க பாத்தாலும் குறைதான் தெரியுது. நாப்பத்தோரு மனு! வார்டு மொத்தமும் சேர்ந்துகூட இவ்வளவு குடுக்கலை.”

கவுன்சிலரம்மா சிரித்துக்கொண்டாள். இன்று அவர் வராவிட்டால், இனி இந்த வாசலுக்கு வர அவருக்குக் காரணமே இருக்காது. அவரிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. ஒரு வருடமாக அது தொண்டை வரை வரும். வாயைத் திறந்தால், ‘காபி குடிக்கிறீங்களா?’ என்று மாறி வெளியே விழும். கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. மனைவியை இழந்து அவருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதையெல்லாம் கணக்குப் போடும்போது மட்டும், மன்றக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவள் அதே இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினாள்.

பதினொன்றரைக்கு வெளிக்கதவு கிரீச்சிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் கையில் காகிதம் எதுவும் இல்லாமல் வந்து நின்றார்.

“வாங்க. இன்னைக்கு என்ன குறை?”

“குறையே இல்லைங்கம்மா. அதான் குறை.” அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு...”

“காபி குடிக்கிறீங்களா?” என்றாள் கவுன்சிலரம்மா. சொன்ன வேகத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம்மா.” மகள் ஒரு மனுவையும் வார்டு வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி எழுந்து வந்தாள். “சார், கால்வாய்த் தெருவுல உங்க வீட்டு நம்பர் இருபத்து நாலுதானே?”

“ஆ... ஆமாம்மா.”

“அந்தத் தெருவுல ஒத்தைப்படை நம்பர் மட்டும்தான் எங்க வார்டு. எதிர்ச்சாரி இரட்டைப்படை எல்லாம் பக்கத்து வார்டு! பதிவேட்டுல ஏத்தும்போது தெருப்பேரை மட்டும் பாத்து நம்ம வார்டுன்னு எழுதிட்டேன் போலிருக்கு. நாப்பத்தோரு மனுவும் உங்க சாரிக்குத்தான் சார். ஒண்ணுகூட எங்களுக்கு வரவேண்டியது இல்லை!”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“முதல் தடவை தெரியாமத்தான் வந்தேன். அப்புறம் தெரிஞ்சது. ஆனா பக்கத்து வார்டு கவுன்சிலர் யாருக்கும் காபி குடுக்கமாட்டார்னு சொன்னாங்க...” குரல் இறங்கியது. “தப்புதான். அஞ்சு வருஷமா உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சுடுங்கம்மா. நான் வரேன்.”

அவர் எழுந்து கதவு வரை போய்விட்டார்.

“இருங்க சார்!” மகளுக்குக் குழப்பம் தீரவில்லை. “எல்லாக் குறையும் தீர்ந்துபோச்சே. அம்மாவால அந்த வார்டுல ஒரு பல்புகூட மாத்தமுடியாது. அப்ப அதையெல்லாம் செஞ்சது யாரு?”

கவுன்சிலரம்மா இழுப்பறையின் அடியிலிருந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சீட்டுக் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மகள் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் மனு வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டுகள். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் பக்கத்து வார்டு அலுவலக முத்திரை. ‘மனுவைக் கொண்டு வந்தவர்’ என்ற இடத்தில் எல்லாம் அம்மாவின் கையெழுத்து.

“நீ திடீர் திடீர்னு செவ்வாய்க்கிழமை குடையை எடுத்துக்கிட்டுப் போனது...”

“அங்க செவ்வாய்க்கிழமைதான்டி மனு நாள். டோக்கன் வாங்கிக்கிட்டு வரிசையில நின்னேன். அந்தக் கவுன்சிலரே சிரிச்சார், ‘உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை’ன்னு.” அவள் கதவோரம் நின்றவரைப் பார்த்தாள். “முதல் மனுவுலயே உங்க வீட்டு நம்பரைப் பாத்துட்டேன். உங்க வார்டு இது இல்லைன்னு சொல்லியிருந்தா, அப்புறம் நீங்க இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டீங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவும் மறந்து நின்றார். மகள், யாரும் கேட்காமலே, காபி போடச் சமையலறைக்குள் நழுவினாள்.

கவுன்சிலரம்மா ஒரு வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவைத் திறந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டாள்.

“எழுதிக் குடுக்கணும்னு சட்டம் பேசினவ நான்தான். இதை மட்டும் எழுத வரலை. வாயாலயே கேட்டுடறேன். வோட்டர் லிஸ்ட்ல என் பேரை இருபத்து நாலாம் நம்பர் வீட்டுக்கு மாத்திக்கலாம்னு இருக்கேன்... உங்களுக்குச் சம்மதமா?”