பட்டியலில் பத்தொன்பதாவது பெயர்

தொற்றுக் காய்ச்சலிலிருந்து குணமாகி நாற்பத்தோரு பேர் வீடு திரும்பிவிட்டதாக மருத்துவமனை அறிக்கை சொன்னது. நிருபர் ஜெசிந்தாவுக்கு அந்த எண்ணிக்கையில் சந்தேகம். பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, "வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். பதினெட்டு வீடுகளில் ஆமாம் என்றார்கள். அடுத்துப் பேசியவள் கோயில்பிச்சையின் மனைவி அன்னபாக்கியம்.

"இன்னும் வரலியேம்மா. விட்டுட்டாங்களா?"

"இல்லக்கா, சும்மா விசாரிக்கத்தான்..." என்று ஜெசிந்தா சொல்வதற்குள், "ஏட்டி, அப்பா வாராவளாம், வெந்நி போடு" என்று மகளிடம் சொல்லும் குரல் கேட்டது. அன்னபாக்கியம் போனை வைத்துவிட்டாள்.

வார்டில் விசாரித்தபோது, கோயில்பிச்சையின் கட்டில் முந்தாநாளே காலியாகிவிட்டது என்றார் நர்ஸ். பிணவறை ஊழியர் பதிவேட்டைப் புரட்டி, பெயரையும் வயதையும் ஊரையும் வாசித்தார். செய்தி உறுதியாகிவிட்டது.

"உடனே எழுதும்மா" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

"வீட்டுக்கு இன்னும் தெரியாது சார். பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

ஸ்கூட்டரில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். எதுவுமே சரியாக வரவில்லை.

அன்னபாக்கியம் தலைசீவி, நல்ல சேலை கட்டி, வாசலில் நின்றிருந்தாள்.

"நான்தான்க்கா போன் பண்ணினேன்."

அவள் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் காலியான பின்சீட்டைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள்.

"பின்னால வேற வண்டில வாராவளோ?"

யாரையும் தொடாதீர்கள் என்று தினமும் எழுதிவந்த ஜெசிந்தா, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.