தூக்கிய கை

தோற்றவர் வென்றவரின் கைக்கு அடியில் குனிந்து போக வேண்டும். அந்தப் புல்வெளியில் மல்யுத்தம் அப்படித்தான் முடியும். அதை ஆளும் அரசரான கானின் மகள் ஓயுனின் வலக்கைக்கு அடியில் இதுவரை அறுபத்திரண்டு ஆண்கள் குனிந்து போயிருக்கிறார்கள். வென்றால் அவளோடு திருமணம், தோற்றால் நூறு குதிரைகள் என்று பந்தயம் கட்டி வந்தவர்கள். அவர்களின் குதிரைகள் மலைச்சரிவு முழுக்க மேய்ந்துகொண்டிருந்தன.

அறுபத்துமூன்றாவதாக வந்த மேற்கு இளவரசன் ஆயிரம் குதிரைகளைப் பந்தயம் கட்டியிருந்தான். காலையில் குதிரைப்பாலை ஊற்றிக்கொடுத்த கான், மகளைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இவன்கிட்ட மட்டும் தோத்துடும்மா. அவங்க படை நம்ம பக்கம் வந்துடும்."

"எப்படித் தோக்கறதுன்னு நீங்க சொல்லித் தரலையேப்பா."

களத்தில் இளவரசன் நன்றாகவே மோதினான். ஒருமுறை அவள் முழங்கால் புல்லை உரசப்போனது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த கணம் இளவரசனின் இரண்டு கால்களும் தரையில் இல்லை.

மண் ஒட்டிய முதுகோடு அவன் அவள் கைக்கு அடியில் குனிந்து போனான். அவனுடைய ஆட்கள் ஆயிரம் குதிரைகளையும் அவிழ்த்துவிட, தரை அதிர்ந்தது. ஓயுன் தூக்கிய கையை இறக்கவில்லை.

"போதும்மா, கையை இறக்கு," என்றார் கான்.

"இன்னும் ஒருத்தர் பாக்கிப்பா."

கான் எழுந்தார். குல்லாயைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார். அவர் மகளைவிட ஒரு முழம் உயரம்.

அவள் கையை ஒரு விரற்கடைகூட உயர்த்தவில்லை.