எந்த முல்லர்?

"முல்லரா? அந்தப் பேரு உள்ள ஒருத்தனும் என் வீட்டுப் படி ஏறக் கூடாது!"

தங்கதுரை செல்போனைச் சோபாவில் எறிந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் மெத்தை உள்ள பக்கமாகப் பார்த்துத்தான் எறிவார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் வீட்டு மாடியை ஹோம்ஸ்டே ஆக்கி மூன்று மாதம் ஆகிறது. வாசலில் போர்டு, போர்டைச் சுற்றிச் சீரியல் லைட். இதுவரை வந்து தங்கியவை இரண்டு புறாக்கள்தான். இப்போது முதன்முதலாக ஜெர்மனியிலிருந்து ஒரு புக்கிங். 'ஆர். முல்லர், இரண்டு பேர்.'

"ஏங்க, வர்ற முதல் ஆளையும் விரட்டினா போர்டைக் கழட்ட வேண்டியதுதான். மாடியைப் பழைய மரச்சாமான் போட்டு வைக்கக் கேட்டு எதிர்க்கடைக்காரன் தினமும் எட்டிப் பார்க்கிறான்," என்றாள் மனைவி ஆவுடையம்மாள். புக்கிங் பார்ப்பதும் பதில் போடுவதும் அவள் பொறுப்பு.

"உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. ஏழு-ஒண்ணு! முதல் கோல் போட்டவன் யாரு? முல்லர்!"

தங்கதுரை மூச்சு விடுவதே பிரேசிலுக்காகத்தான். உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் ஏழு கோல் வாங்கிய அன்றைக்கு, இதே வாசலில் ஒரு ஜெர்மனி ரசிகன் சரவெடி கொளுத்தினான். பிரேசில் கொடி கட்டிய கம்பாலேயே அவனைத் தெருமுனை வரை துரத்தினார். அன்றிலிருந்து அவன் பேச்சை யாரும் இவர் காதுபட எடுத்ததில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து மிளகுக்கடை யூசுப் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, முல்லர்னா அந்த ஒருத்தன் மட்டுமா? நில்லுங்க, நோக்கட்டே." போனைத் தட்டினார். "இதோ, மாக்ஸ் முல்லர். நம்ம வேதத்தை அச்சுல ஏத்தின ஆளு!"

"அட, நல்ல குடும்பமா இருக்கே."

"ஹெர்ட்டா முல்லர். கதை எழுதி நோபல் வாங்கின அம்மா. பால் முல்லர், டி.டி.டி. அடிச்சா பூச்சி சாகும்னு கண்டுபிடிச்சு நோபல் வாங்கினவர்."

"கொசு மருந்தா? யோவ், அவருக்குக் கொச்சியில கோயிலே கட்டலாமேய்யா!"

"கெர்ட் முல்லர்..." யூசுப் சட்டென்று நிறுத்தினார். "அது வேண்டாம் அண்ணாச்சி."

"ஃபுட்பாலா?"

"ஆமா. கோலுக்கு மேல கோல்."

"பாத்தியா! எல்லாம் ஒரே தறவாடு. வீட்டுப் பேரு ஒண்ணுன்னா ரத்தமும் ஒண்ணு."

"படச்சோனே! முல்லர்னா மாவு மில்லுக்காரன்னு அர்த்தமாம். ஊருக்கு ஒரு மில்லு, மில்லுக்கு ஒரு முல்லர். அங்கே தேங்காய் விழுந்தா முல்லர் தலையிலதான் விழும்."

"அப்போ நம்ம பள்ளுருத்தி மில்லுக்காரன் பினுவும் முல்லரா?"

"ஜெர்மனியில பிறந்திருந்தா ஆமா."

தங்கதுரை மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பினு நல்ல பையன்தான். அரிசி மாவு நைசாக அரைப்பான்.

"சரி. முன்னால 'ஆர்'னு இனிஷியல் இருக்கு. அப்பன் பேரு ரிச்சர்டா இருக்கும். வரட்டும், வாசல்லயே விசாரிக்கிறேன். வேதம், நோபல், கொசு மருந்துன்னா உள்ளே. ஃபுட்பால்னா ஆட்டோவை அப்படியே திருப்பிடுவேன்."

அடுக்களையில் தேங்காய்ப்பால் வாசம் தூக்கியது. எட்டிப் பார்த்தவர் திகைத்தார். "வெள்ளைக்காரனுக்கு எதுக்குடி திருநெல்வேலிச் சொதி?"

"காரம் ஆகாதுல்ல? தேங்காப்பால்தான் ஒத்துக்கும்."

"ஏசி ரூமைத் துடைச்சாச்சா?"

"அது வேண்டாமாம். மாடியில ஜன்னல் சரியா மூடாத அந்தச் சின்ன ரூமே போதுமாம்."

"சிக்கனக்காரன்!" என்று தங்கதுரை மெச்சினார். "அதனாலதான் அந்த நாடு உருப்பட்டுச்சு."

மாலையில் ஆட்டோ வந்து நின்றது. நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கிக் கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் ஆட்டோவுக்குள் குனிந்து, சிக்கிக்கொண்ட பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

தங்கதுரை இரண்டு கையையும் விரித்துப் படியை மறித்தார். "வெல்கம் மேடம். ஒன் கொஸ்டின். விச் முல்லர்? வேதம்? நோபல்? ஃபுட்பால்?"

"மாவு மில்லு," என்றாள் அவள் பளிச்சென்று தமிழில். "எங்க தாத்தா மில்லு வெச்சிருந்தாரு. எங்க வீட்டுல யாருக்கும் பந்து உதைக்கத் தெரியாது."

தங்கதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஜெர்மன்காரி வாயில் திருநெல்வேலி இழுப்பு!

"ஆனா புக் பண்ணின முல்லர் நான் இல்ல. அதோ, அவருதான்."

பெட்டி விடுபட்டது. பெட்டிக்குப் பின்னாலிருந்து முகம் நிமிர்ந்தது. தங்கதுரையின் விரித்த கை விரித்தபடியே நின்றது. அன்றைக்கு இதே வாசலில் சரவெடி கொளுத்தியவன்! அவருடைய ஒரே மகன், ரமேஷ்பாபு.

"டேய்! அன்னைக்கு உன்கிட்ட என்னடா சொன்னேன்?"

"'என் இனிஷியலைப் போட்டுக்கிட்டு இந்தப் படி ஏறாதே'ன்னு சொன்னீங்கப்பா. எடுத்துட்டேன். கல்யாணத்தப்போ இவ குடும்பப் பேரை நான் வாங்கிக்கிட்டேன். அந்த 'ஆர்' ரிச்சர்டு இல்ல, ரமேஷ்பாபு. இப்ப ஏறலாமா?"

அடுக்களையிலிருந்து ஆவுடையம்மாளின் குரல் வந்தது:

"ஏங்க, சொதி ஆறுது. உங்க மகன் முல்லரையும் மருமக முல்லரையும் உள்ளே கூப்பிடுங்க!"