சக்கரத்தடி எலுமிச்சை

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த டீசல் வேன் அது. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. நாச்சியப்பன் அதைப் போர்டிகோவில் நிறுத்திப் பூஜை போட்டு, முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

பழம் நடுங்கியது. "நீ கிளம்பினா நான் நசுங்கிடுவேன்ல?"

"என்ன பண்றது, கொடைக்கானல் போகணுமே. ஒரு நொடிதான், கண்ண மூடிக்கோ," என்றது வேன். அதற்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

நாச்சியப்பன் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். வேனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பேட்டரி இறங்கிவிடாமலிருக்கக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இதேதான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டுவார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை.

கோடை விடுமுறையில் தலையணைகளும் புளியோதரை டப்பாவும் வாசலுக்கு வந்தன. வேன் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

"நம்ம வண்டி இருக்கேங்க?" என்றாள் மனைவி.

"மலை ரோட்டுல கீறல் விழுந்தா பெயின்டுக்கு ஜப்பானுக்கா போறது?" நாச்சியப்பன் வேனை உறைபோட்டு மூடிவிட்டுப் போனார்.

உறைக்கடியில் பழம் பேசியது. அது கறுத்துச் சுருங்கிக் கொட்டைப்பாக்கு மாதிரி ஆகியிருந்தது. "நசுங்கியே தொலைஞ்சிருக்கலாம். இனி ஊறுகாய்க்குக்கூட ஆகமாட்டேன்."



ஆயுத பூஜையன்று காய்ந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டுப் புதுப் பழம் ஒன்றை வைத்தார்கள். அது நடுங்கிக்கொண்டே கேட்டது, "ரொம்ப வலிக்குமா?"

"பயப்படாதே," என்றது வேன். "உனக்கு ஒண்ணும் ஆகாது."