உட்கார ஓர் இடம்

அவர் போனில் மூன்று இடம் எழுதி அனுப்பியிருந்தார். மூன்றுமே காலுக்கு வேலை.

யானைமலை ஏறலாம். இல்லையென்றால் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் மகாலைச் சுற்றிப் பார்க்கலாம். எது பிடிக்கும் என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை சந்திப்போம்.

அவள் சேலைக்கடையின் மாடிப்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம். உட்காரக் கிடைப்பது அவ்வளவுதான். மற்றபடி பதினோரு மணி நேரமும் நின்றபடியே சேலை எடுத்துக் காட்ட வேண்டும். கடையில் உட்காருவதற்கென்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்தில், கூட வேலை பார்க்கும் பொன்னுத்தாய் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பொன்னுத்தாயின் சித்தி மகன்தான் அவர். கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். கல்யாணப் பேச்சை வீட்டாருக்குச் சொல்லுமுன் இரண்டு பேரும் ஒருமுறை நேரில் பேசிப் பார்க்கட்டும் என்று நம்பர் வாங்கிக் கொடுத்த புண்ணியவதி பொன்னுத்தாய்தான்.

"ஒரு மணி நேரம் நடந்தா காலு என்ன தேஞ்சா போயிரும்? சரின்னு போடுடீ."

தேயாது. வீங்கும்.

போன வருடம் தேனியிலிருந்து பெண் பார்க்க வந்தவரும் நடக்கத்தான் கூப்பிட்டார். கோயில் பிராகாரத்தில் மூன்றாவது சுற்றில் அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். அதோடு சரி. பிறகு ஒரு போன்கூட இல்லை.

முப்பத்தாறு வயதில் இன்னொரு முறை ஒளித்துக்கொண்டு நடக்க அவளுக்குத் தெம்பில்லை. போனால் போகட்டும்.

'எனக்கு அவ்வளவு நடக்க முடியாதுங்க. நின்னு நின்னு கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. எங்கயாவது உக்காந்து பேசலாமா?'

அனுப்பியதும் தெரிந்துவிட்டது. போகட்டும் என்று நினைத்ததெல்லாம் பொய். இவர் போய்விடக் கூடாது.

சாப்பாட்டு நேரம் முடியும்போது பதில் வந்தது.

'எனக்கு நாள் பூரா உக்காந்தே இடுப்பு போச்சு. அதான் நடக்குற எடமாச் சொன்னேன். பரவால்ல. நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கிட்டே பேசுறேன்.'

ஞாயிறு காலை, தெப்பக்குளக் கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். அவள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் வந்தார்.

ஆள் வந்தால் எழுந்து நின்றுதான் அவளுக்குப் பழக்கம். நின்றுவிட்டாள். வாயும் சும்மா இருக்கவில்லை.

"வாங்க, உக்காருங்க. சேலை என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் சிரித்தார். உட்காரவில்லை. கைக்குட்டையால் பெஞ்சைத் தட்டிவிட்டு அவளுக்குக் கை காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள்.

எதிரே ஒருவர் நிற்க, தான் உட்கார்ந்து பேசுவது, கடையில் சேர்ந்த பதினான்கு வருடத்தில் இதுதான் முதல்முறை. அவர் நல்ல உயரம். அண்ணாந்து அண்ணாந்து, அரைமணி நேரத்தில் கழுத்து வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அதை மட்டும் அவள் சொல்லவில்லை.